மார்ச் 8-க்கு ஒரு கொத்து மிமோசா: இத்தாலிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நீலகிரியில், கோத்தகிரியில், எங்கள் வீட்டு அடுப்புக்குச் சீகை மரம்தான் விறகு. மலைச்சரிவு முழுக்கச் சீகை. பூக்கும் காலத்தில் மரமே மஞ்சளாகிவிடும், ஆனால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நட்ட மரம் அது. சோலைக்காட்டையும் புல்வெளியையும் விழுங்குகிறது என்று இன்று வெட்டச் சொல்கிறார்கள்.

இத்தாலிக்குப் படிக்க வந்த முதல் வருடம், மார்ச் மாதத்தில் ஒரு காலை, தூரின் நகரத்து டிராம் நிறுத்தத்தில் ஒருவர் அதே பூவைக் கண்ணாடித்தாளில் சுற்றி விற்றுக்கொண்டிருந்தார். டிராமில் ஏறிய பெண்களில் பாதிப்பேர் கையில் அந்த மஞ்சள் கொத்து. ஒரு பாட்டி கோட்டுப் பொத்தானில் செருகியிருந்தார். என்ன விசேஷம் என்று கேட்க மொழி வரவில்லை. இறங்கிப் போய்விட்டேன். வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் யாருக்காவது பூ கொடுத்தார்கள்.

அந்த நாள் மார்ச் 8, பெண்கள் தினம். உலகம் முழுக்க உண்டு என்றாலும், இத்தாலியில் அதற்கென்று ஒரு பூ இருக்கிறது, இந்த மஞ்சள் மிமோசா. குளிர்காலம் முடியும் முடியாமல் இருக்கும்போதே பூத்துவிடுவதால், வசந்தம் வந்தாச்சு என்று முதலில் சொல்வதும் அதுதான். அம்மா, மனைவி, அக்கா, தங்கை, டீச்சர், கூட வேலை செய்கிறவர், பக்கத்து வீட்டுப் பாட்டி என்று அன்போ மரியாதையோ உள்ள எந்தப் பெண்ணுக்கும் கொடுக்கலாம். இந்த ஊருக்கு வந்து என்னைப் போல் முழிக்கப்போகிறவர்களுக்காக, எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். எவ்வளவு பெரிய கொத்து வாங்குவது, யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இந்தக் கதையில்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946 மார்ச் 8 அன்று இத்தாலி முழுக்கப் பெண்கள் தினத்தைக் கொண்டாட முடிவு செய்தார்கள். முன்னின்று செய்தது ‘உதி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இத்தாலியப் பெண்கள் ஒன்றியம். அன்றைக்கு ஓர் அடையாளப் பூ வேண்டும். வயலட் பூவை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. தெரேசா மத்தேய் என்ற இளம்பெண் வேண்டாம் என்றார். பாசிசத்தை எதிர்த்துத் தலைமறைவாகப் போராடியவர். வயலட்டுக்கு விலை அதிகம், தேடினாலும் கிடைக்காது. போரில் எல்லாம் இழந்து கிடக்கிற நாட்டில் அதை யார் வாங்குவார்கள்? மிமோசா மார்ச் தொடக்கத்தில் தானாகப் பூத்துக் கிடக்கிறது, காசு இல்லாதவரும் ஒரு கிளை ஒடித்துக்கொள்ளலாம். இந்தத் தேர்வில் ரீத்தா மொந்தஞ்ஞானா, தெரேசா நோச்சே ஆகியோரின் பெயர்களையும் சேர்த்தே சொல்வார்கள்.

அந்த நாளுக்கு இரண்டே நாள் கழித்து, மார்ச் 10 அன்று, உள்ளாட்சித் தேர்தல்கள் தொடங்கின. இத்தாலியப் பெண்கள் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் காலம் அது. ஜூன் 2 அன்று, மன்னராட்சியா குடியரசா என்ற வாக்கெடுப்பிலும், அரசியலமைப்பு அவைத் தேர்தலிலும் வாக்களித்தார்கள். 556 உறுப்பினர் கொண்ட அந்த அவைக்கு 21 பெண்கள் தேர்வானார்கள். அவையிலேயே வயதில் இளையவர் தெரேசா மத்தேய்தான், அப்போது அவருக்கு 25 வயது. 2013 வரை வாழ்ந்தார்.

எங்கள் மாடிப்படியில் எதிர்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். இரண்டாம் வருடம் அவருக்கு ஒரு கிளை கொடுத்தபோது, கதவைச் சாத்தாமல் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். 1946-இல் அவருக்கு ஆறு வயது. ஓட்டுப் போடப் போகும்போது அவருடைய அம்மா உதட்டுச்சாயத்தைத் துடைத்துவிட்டுப் போனாராம். வாக்குச்சீட்டை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்ட வேண்டும், அதில் சாயம் பட்டால் ஓட்டு செல்லாமல் போய்விடும் என்று எச்சரித்திருந்தார்கள். முழங்கையை மேசையில் ஊன்றியபடி இதை அவர் சொன்னபோது, டிராம் நிறுத்தத்தில் விற்ற பூ எனக்கு முதல்முறையாகப் புரிந்தது.

அதனால்தான் சொல்கிறேன், இது சின்னக் கிளையாகக் கொடுக்க வேண்டிய பூ. பெரிய பூங்கொத்து ஒன்றை ஒருவருக்குக் கொடுப்பதைவிட, பத்துக் கிளைகளைப் பத்துப் பேருக்குக் கொடுப்பதுதான் இந்த வழக்கத்துக்குப் பொருந்தும்.

பூவைச் சரியாக அடையாளம் காண்பது

பெயர் குழப்பும். நம் ஊர்த் தொட்டாற்சிணுங்கிதான் தாவரவியலில் உண்மையான மிமோசா இனம். இத்தாலியர் மிமோசா என்று சொல்வது அகேசியா டீல்பேட்டா. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதியிலும் டாஸ்மேனியாவிலும் இயற்கையாக வளர்வது. நீலகிரியில் நாங்கள் பொதுவாகச் சீகை என்று சொல்லும் வாட்டில் மரங்களில் இதுவும் ஒன்று. கருவேலம்பூவைப் பார்த்திருந்தால் போதும், அதே குட்டி மஞ்சள் உருண்டைதான். இங்கே ஒரு காம்பில் நூற்றுக்கணக்கில் கொத்தாகத் தொங்கும், இலை சாம்பல் பூத்த பச்சையில் இறகு மாதிரி இருக்கும். வாசனை கொஞ்சம் தேன், கொஞ்சம் பவுடர்.

கடும் பனி இந்த மரத்துக்கு ஆகாது. அதனால் குளிர் குறைவான லிகுரியா கடற்கரையில், குறிப்பாக சான்ரேமோ பக்கம், விற்பனைக்காக வளர்க்கிறார்கள். ஜெனோவாவுக்கு அருகே பியேவே லிகுரே என்ற சிற்றூரில் பிப்ரவரியில் மிமோசாத் திருவிழாவே நடக்கிறது. நேரம் கிடைத்தால் ரயிலேறிப் போய்ப் பாருங்கள், ஒரு பக்கம் மஞ்சள் மலை, மறுபக்கம் நீலக்கடல்.

எங்கே, எப்போது வாங்குவது

மார்ச் 7 மாலை அல்லது 8 காலை. அதற்கு முன்னால் வாங்காதீர்கள். இந்தப் பூவுக்கு ஆயுள் குறைவு, நான்கைந்து நாள் தாங்கினாலே பெரிது. 8ஆம் தேதி மாலை ஆறு மணிக்குப் போனால் நல்ல கொத்து எல்லாம் போய், தூசி பிடித்தது மட்டும் இருக்கும்.

பூக்கடையை இங்கே ‘ஃபியோராயோ’ என்பார்கள். அது தவிர சூப்பர் மார்க்கெட் வாசல், காய்கறிச் சந்தை, ரயில் நிலையம், தெருமுனை எல்லா இடத்திலும் அன்றைக்கு விற்கும். தெருமுனையில் விற்பவர் பல ஊர்களில் வங்காளதேசத்துத் தம்பியாக இருப்பார், அவரிடம் வாங்குவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. சின்னக் கிளை சில யூரோக்களுக்குக் கிடைக்கும். பலருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், சந்தையில் ஒரு பெரிய கட்டாக வாங்கி வீட்டில் பிரித்துக்கொள்ளுங்கள். நான் தூரினில் போர்த்தா பலாட்சோ சந்தைக்குப் போவேன்.

வாங்கும்போது உருண்டைகளை உற்றுப் பாருங்கள். பஞ்சு மாதிரி உப்பலாக இருந்தால் புதுசு. கடுகு மாதிரி சுருங்கிக் கெட்டியாக இருந்தால் பழசு, விலை குறைத்தாலும் வேண்டாம். பச்சை மொட்டாக இருப்பதை ‘நாளைக்கு விரிந்துவிடும்’ என்று தந்தாலும் எடுக்காதீர்கள். வெட்டிய கிளையில் மொட்டு வீட்டில் தானாக விரிவது அரிது. விவசாயிகள் வெட்டிய கிளைகளை வெதுவெதுப்பான, ஈரப்பதம் நிறைந்த அறையில் இரண்டு மூன்று நாள் வைத்துத்தான் விரியவைத்து அனுப்புகிறார்கள். கண்ணாடித்தாளையும் கொடுக்கும்வரை பிரிக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைப்பது அதுதான்.

பூங்காவிலோ அடுத்தவர் தோட்டத்திலோ ஒடிக்க வேண்டாம். 1946-இல் அது சரி, இன்று அபராதம் கட்ட நேரிடும்.

வீட்டில் செய்யவேண்டியது

காம்பின் அடியைச் சாய்வாக ஒரு முறை வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். மிமோசா நிறையத் தண்ணீர் குடிக்கும், தினமும் மாற்ற வேண்டும். ரேடியேட்டர் பக்கத்தில் வைத்தால் சாயங்காலத்துக்குள் சுருங்கிவிடும். பழக்கூடைப் பக்கமும் வேண்டாம், பழம் பழுக்கும்போது வரும் வாயு பூவை வாடவைக்கும்.

பிரித்துக் கொடுக்க, ஒரு சாண் நீளத்துக்குக் கிளைகளை வெட்டி, காம்பில் ஈரப்பஞ்சு சுற்றி, மேலே ஒரு துண்டு பாலித்தீன், அதன்மேல் மஞ்சள் அல்லது பச்சை ரிப்பன். பத்துக் கிளைக்கு அரைமணி நேரம் ஆகும். குழந்தைகள் இருந்தால் ரிப்பன் கட்டும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். மறுநாள் பள்ளியில் டீச்சருக்குக் கொடுப்பதும் அவர்கள்தானே.

சாமந்தி மட்டும் வேண்டவே வேண்டாம்

மஞ்சள் பூ என்றால் நம் கை முதலில் சாமந்திக்குத்தான் போகும். முதல் வருடமே நான் செய்த தவறு இது. மிமோசா தீர்ந்துபோயிருந்தது. பூக்கடையில் மஞ்சள் சாமந்தி கொழுகொழுவென்று இருந்தது. நம் ஊரில் சாமிக்கும் கல்யாணத்துக்கும் வைப்பதுதானே என்று ஒரு கட்டு வாங்கி வீட்டுக்கார அம்மாவிடம் நீட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. இத்தாலியில் சாமந்தி கல்லறைப் பூ. நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாளில் கல்லறைகளில் குவிப்பது. உயிரோடிருப்பவருக்குக் கொடுப்பது துக்கம் சொல்வது போல. அவர் பெரிய மனது பண்ணி, விஷயத்தை விளக்கிவிட்டு, பூவைத் தன் அம்மாவின் கல்லறைக்கு எடுத்துப்போனார்.

மஞ்சள் ரோஜாவும் யோசித்துக் கொடுக்கவேண்டியது. பழைய ஆட்கள் அதைப் பொறாமையோடு சேர்த்துப் பார்ப்பார்கள். மிமோசா கிடைக்கவில்லை என்றால் மஞ்சள் டூலிப்போ ஃப்ரீசியாவோ வாங்குங்கள். தண்டு தண்டாக எண்ணக்கூடிய பூக்களை ஒற்றைப்படையில் கொடுப்பது இங்கே வழக்கம், நாம் மொய்யில் ஒரு ரூபாய் சேர்ப்பது போல.

யாருக்கு, எப்படிக் கொடுப்பது

வீட்டிலிருந்து தொடங்குங்கள். அம்மா ஊரில் இருந்தாலும் மனைவியோ தங்கையோ இங்கே இருந்தால் காலைக் காப்பியோடு ஒரு கிளை. பெண்கள் பெண்களுக்குக் கொடுப்பதும் வழக்கம்தான், ஆண்கள் மட்டும் கொடுக்கும் பூ அல்ல இது. எங்கள் துறையில் ஒரு பேராசிரியை தன் மாணவிகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கிளை வைத்துவிடுவார்.

அலுவலகத்தில் ஒரே ஒரு விதி: கொடுத்தால் எல்லாப் பெண்களுக்கும் கொடுங்கள். ஒருவருக்கு மட்டும் பெரிய கொத்து என்றால் வேறு அர்த்தம் ஆகிவிடும், அவருக்கும் சங்கடம். காலையில் தரை துடைக்க வரும் அம்மாவையும், கீழே காப்பிக் கடையில் நிற்கும் பெண்ணையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணும்போது முதலில் விட்டுப்போவது இவர்கள்தான். மார்ச் 8 ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடலாம்.

பலெர்மோ போன்ற ஊர்களில் நம் ஈழத்து உறவுகள் பலர் இத்தாலியர் வீடுகளில் வேலை செய்கிறார்கள், முதியோரைப் பார்த்துக்கொள்கிறார்கள். நீங்கள் பார்த்துக்கொள்ளும் அந்தப் பாட்டிக்கு ஒரு கிளை கொடுத்துப் பாருங்கள். வெளியே போக முடியாதவர்களுக்கு அன்றைக்கு யாரும் பூ கொண்டுவருவதில்லை. ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ இருந்தால் மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், வாசனை கொஞ்சம் தூக்கலானது. மருத்துவமனையில் இருப்பவருக்கு என்றால் வார்டில் பூ அனுமதி உண்டா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

சொல்லவேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்று: ‘அவுகூரி’. வாழ்த்துகள் என்று பொருள். முழுதாகச் சொல்ல ‘புவோனா ஃபெஸ்தா தெல்லா தோன்னா’, பெண்கள் தின வாழ்த்துகள். நம் நீ, நீங்கள் மாதிரி இங்கேயும் உண்டு. தோழிக்கும் தங்கைக்கும் ‘பெர் தே’, உனக்கு. பெரியவர்களுக்கும் புதியவர்களுக்கும் ‘பெர் லெய்’, உங்களுக்கு. சீட்டு எழுதி வைப்பதானால், நெருங்கியவர்களுக்கு ‘தி வோல்யோ பேனே’ என்று எழுதலாம். அம்மாவிடமும் அக்காவிடமும் தோழியிடமும் சொல்லக்கூடிய அன்பு அது. காதலிக்குச் சொல்வது ‘தி ஆமோ’. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

வேண்டாம் என்று சொல்லும் பெண்களும் உண்டு. பூவைக் கொடுத்துவிட்டு மறுநாள் குறைந்த சம்பளம் கொடுப்பதில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. சிலர் அன்று ஊர்வலத்துக்குப் போவார்கள். வாங்க மறுத்தால் சிரித்துக்கொண்டு சரி என்று சொல்லிவிடுங்கள், ஏன் என்று கேட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். வற்புறுத்தாதீர்கள்.

அன்றைய நாளில் கவனிக்கவேண்டியவை

சமீப ஆண்டுகளில் மார்ச் 8 அன்று பெண்கள் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் வேலைநிறுத்தம் அறிவிப்பது வழக்கமாகியிருக்கிறது. பஸ், ரயில் பாதிக்கலாம். முந்தின நாளே ‘ஷோப்பெரோ’ என்ற வார்த்தை செய்தியில் வருகிறதா பாருங்கள். வேலைநாளாக இருந்தால் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உறுதி செய்யப்பட்ட வட்டார ரயில்கள் ஓடும். தொலைவில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போவதானால் அந்த நேரத்தில் கிளம்புங்கள்.

அரசு அருங்காட்சியகங்களில் அன்றைக்குப் பெண்களுக்கு அனுமதி இலவசமாக இருக்கும். இரவு தோழிகள் கூட்டமாகச் சாப்பிடப் போவார்கள் என்பதால் உணவகத்தில் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது.

பூவோடு ஒரு கேக்

மிமோசா கேக் என்று ஒன்று இருக்கிறது, ‘தோர்த்தா மிமோசா’. ரியேத்தி ஊர்ச் சமையற்கலைஞர் அதெல்மோ ரென்ட்ஸி உருவாக்கியது என்பார்கள். பேக்கரியில் கிடைக்கும். வீட்டில் செய்தால் இன்னும் நல்லது, எப்படியும் அன்று யாராவது வீட்டுக்கு வருவார்கள்.

ஐந்து முட்டையும் 150 கிராம் சர்க்கரையும் பதினைந்து நிமிடம் நுரைக்க அடித்து, 150 கிராம் மைதாவைச் சலித்து மெதுவாகக் கலந்து, 22 செ.மீ. தட்டில் 170 டிகிரியில் முப்பத்தைந்து நிமிடம் வேகவையுங்கள். ஆறியதும் மேல்தோல், பக்கத்தோல், அடித்தோல் எல்லாவற்றையும் சீவி எடுத்துவிட வேண்டும். பழுப்புத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மஞ்சள் கெட்டுவிடும். குறுக்காக மூன்று வட்டமாக அறுத்து, ஒன்றை மட்டும் ஒரு செ.மீ. துண்டுகளாக நறுக்கி வையுங்கள். இவைதான் பூ உருண்டைகள்.

அரை லிட்டர் பால், நான்கு மஞ்சள் கரு, 120 கிராம் சர்க்கரை, 45 கிராம் சோளமாவு (கார்ன்ஃப்ளோர்), ஒரு துண்டு எலுமிச்சைத் தோல் சேர்த்துக் கட்டியில்லாமல் காய்ச்சிக் குளிரவைத்து, 200 மி.லி. கிரீமை நுரைக்க அடித்து அதில் சேருங்கள். டின் அன்னாசிச் சாற்றை வட்டங்களில் தெளித்து, நடுவில் கிரீமும் அன்னாசித் துண்டும் வைத்து, வெளியே முழுக்கக் கிரீம் பூசி, நறுக்கிய துண்டுகளை மேலும் பக்கமும் ஒட்டுங்கள். இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். கடையில் வாங்குவதாக இருந்தால் சாராயம் சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள், சர்க்கரைப் பாகில் ரம்மோ வேறு மதுவோ ஊற்றுவது உண்டு.

மறுநாள்

உருண்டைகள் சுருங்கத் தொடங்கும் முன்பே, அதாவது 9ஆம் தேதியே, வைத்துக்கொள்ள நினைக்கும் கிளையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, இருட்டான அலமாரியில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். உப்பல் போய்விடும், மஞ்சள் ஓரளவு நிற்கும். எதிர்வீட்டுப் பாட்டி கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜாடியில் போன வருடத்துக் கிளையை வைத்திருக்கிறார், புதுசு வந்ததும் பழையதை எடுப்பார்.

மற்றதெல்லாம் ‘ஊமிதோ’ தொட்டியில், உணவுக் கழிவோடு. கண்ணாடித்தாளைப் பிளாஸ்டிக்கில் போடுங்கள், ரிப்பனை அவிழ்த்து அடுத்த மார்ச்சுக்கு எடுத்து வையுங்கள்.